வெப்மெயில் திறக்கவே மாட்டேங்குது: பெருத்துப்போன மெயில்பாக்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், கோவைப் பக்கம் சிறு நிறுவனங்கள் சிலவற்றுக்கு வெப்சைட்டும் மெயிலும் பார்த்துக்கொடுக்கிறேன். எல்லாமே ஒரு சர்வரைப் பலர் பங்குபோட்டுக்கொள்ளும் ஷேர்ட் ஹோஸ்டிங்தான். பெரும்பாலும் சீபேனல் (ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் பக்கம்), அதில் ரவுண்ட்கியூப் என்ற வெப்மெயில் (பிரவுசரிலேயே மெயில் பார்க்கும் வசதி). எனக்கு வரும் போன்களில் பாதி, மெயில் திறக்க நேரமாகிறது என்பதைப் பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே வைத்திருக்கிறேன். மேலிருந்து படித்தால் பின்னால் வருவது எளிதாகப் புரியும். அவசரம் என்றால் 4, 11, 12 மூன்றையாவது படித்துவிடுங்கள்.

1. “காலையில ஆபீஸ் வந்து வெப்மெயில் திறந்தா வட்டம் சுத்திக்கிட்டே இருக்குங்க. நெட் ஸ்லோவா, சர்வர் டவுனா?”

பெரும்பாலும் இரண்டும் இல்லை. பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் லாகின் பக்கம் சட்டென்று வருகிறதா என்று முதலில் பாருங்கள். அது வந்துவிட்டு, உள்ளே போன பிறகு மெயில் பட்டியல் வரத்தான் நேரமாகிறது என்றால் நெட் சரியாக இருக்கிறது, சர்வரும் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் பெட்டியைத் திறந்து பட்டியல் தயாரிப்பதில்தான் தாமதம்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? சீபேனலில் சோதனைக்கென்று ஒரு புது மெயில் ஐடி உருவாக்குங்கள். அதற்கு நாலைந்து மெயில் அனுப்பி, வெப்மெயிலில் திறந்து பாருங்கள். அது உடனே திறந்தால் சிக்கல் உங்கள் பெட்டியில் இருக்கிறது. அதுவும் இழுத்தால் சர்வரே திணறுகிறது. நேராக 19ஆம் கேள்விக்குப் போய்விடுங்கள்.

2. “என் ஜிமெயில்ல இதைவிட நிறைய மெயில் கிடக்கு. அது மட்டும் எப்படி டக்குனு திறக்குது?”

ஜிமெயிலில் ஒரு மெயில் வந்து சேரும்போதே யார் அனுப்பியது, தலைப்பு என்ன, உள்ளே என்ன சொற்கள் இருக்கின்றன என்பதெல்லாம் தேடுவதற்கு ஏற்றபடி அட்டவணையாகிவிடுகிறது. நீங்கள் திறக்கும் நேரத்தில் புதிதாக எதையும் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை.

ஷேர்ட் ஹோஸ்டிங்கில் உங்கள் வெப்சைட், முன்பின் தெரியாத பலரின் வெப்சைட்டுகள், அத்தனை பேரின் மெயில், டேட்டாபேஸ், இரவில் ஓடும் பேக்கப் எல்லாம் ஒரே இயந்திரத்தில் இருக்கின்றன. மாதம் நூறு, இருநூறு ரூபாய்க்கு அது கிடைப்பதே இப்படிப் பங்குபோடுவதால்தான். அதைத் தவறு என்று சொல்லமாட்டேன். பத்துப் பேர் இருக்கும் ஒரு ஆபீஸின் மெயிலுக்கு அது தாராளமாகப் போதும், பெட்டியை ஒழுங்காக வைத்திருந்தால்.

3. “நான் கிளிக் பண்றது ஒரே ஒரு இன்பாக்ஸைத்தான். அதுக்குள்ள அப்படி என்ன வேலை நடக்குது?”

ரவுண்ட்கியூப் என்பது ஒரு முகப்பு மட்டும்தான். அதனிடம் உங்கள் மெயில் எதுவும் கிடையாது. நீங்கள் கிளிக் செய்ததும் அது ஐமேப் என்ற முறையில் மெயில் சர்வரிடம் கேட்கிறது. சீபேனலில் அந்த மெயில் சர்வர் டவ்காட். டவ்காட், வட்டில் (சர்வரின் ஹார்ட் டிஸ்க்கில்) இருக்கும் உங்கள் ஃபோல்டரைப் போய்ப் பார்த்து, மொத்தம் எத்தனை, படிக்காதது எத்தனை, எந்த வரிசையில் காட்டுவது என்றெல்லாம் கணக்கெடுத்துத் திருப்பிச் சொல்கிறது.

ரவுண்ட்கியூப் வழக்கமாக ஒரு பக்கத்துக்கு 50 மெயில்தான் காட்டும். ஆனால் எந்த 50ஐக் காட்டுவது என்று தெரிய, மொத்தப் பட்டியலும் வரிசையாக இருக்க வேண்டும். பின்னால் இருக்கும் எழுபதாயிரம் மெயிலை நீங்கள் பார்க்காவிட்டாலும் சர்வர் பார்த்தாக வேண்டியிருக்கிறது.

4. “என் பெட்டி 3 ஜிபிதான். பக்கத்து சீட்டுக்காரருக்கு 9 ஜிபி. அவருக்கு வேகமாத் திறக்குது, எனக்கு மட்டும் ஏன் இப்படி?”

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான். வேகத்தைத் தீர்மானிப்பது ஜிபி இல்லை. ஒரு ஃபோல்டருக்குள் எத்தனை மெயில் இருக்கிறது என்பதுதான். பக்கத்து சீட்டுக்காரர் டிசைன் ஃபைல்கள் வாங்குகிறவராக இருக்கலாம். ஒவ்வொன்றும் 10 எம்பி என்றால் 9 ஜிபிக்கு ஆயிரம் மெயில்கூட இல்லை. உங்களுக்கு வருவது பேங்க் அலர்ட், கூரியர் தகவல், ஆர்டர் உறுதி. ஒவ்வொன்றும் 40 கேபி. 3 ஜிபிக்கு அது எழுபத்தைந்தாயிரத்தைத் தாண்டிவிடும்.

இதற்குக் காரணம் மெயில்கள் சேமிக்கப்படும் விதம். இந்த சர்வர்களில் பொதுவாக இருப்பது மெயில்டிர் என்ற முறை. டேனியல் பெர்ன்ஸ்டீன் தன் கியூமெயில் மென்பொருளுக்காக 1990களில் உருவாக்கியது. அதில் ஒரு மெயில் என்றால் ஒரு தனி ஃபைல். சீபேனலின் ஃபைல் மேனேஜரில் ‘மெயில்’ என்ற ஃபோல்டருக்குள் போனால் நீங்களே பார்க்கலாம்: ‘நியூ’, ‘கர்’, ‘டெம்ப்’ என்று மூன்று டைரக்டரிகள். புதிதாக வந்தது நியூவில் விழும். பிறகு கர் என்பதற்கு நகரும். ஃபைலின் பெயரில் அது வந்த நேரம் நொடிக்கணக்கில் நீளமான எண்ணாக இருக்கும், அப்புறம் சர்வரின் பெயர், கடைசியில் ஓரிரு எழுத்துகள். படித்தாயிற்று என்றால் எஸ், பதில் அனுப்பியாயிற்று என்றால் ஆர், கொடி போட்டிருந்தால் எஃப்.

அந்தக் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். நீங்கள் ஒரு மெயிலைத் திறந்து படித்தால் அந்த ஃபைலின் பெயரே மாறுகிறது. டைரக்டரியில் வெளியிலிருந்து ஏதாவது மாறியிருப்பதாக டவ்காட்டுக்குத் தெரிந்தால், உள்ளே இருக்கும் அத்தனை பெயர்களையும் மறுபடி வாசித்துத் தன் கணக்கோடு ஒப்பிட வேண்டியிருக்கும். ஐந்நூறு பெயர் என்றால் கண் இமைக்கும் நேரம். எழுபத்தைந்தாயிரம் என்றால், வட்டும் அந்த நேரத்தில் மற்றவர்களுக்காக ஓடிக்கொண்டிருந்தால், வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும்.

5. “அப்போ ஒரு இன்பாக்ஸில் எத்தனை வரைக்கும் இருக்கலாம்? ஒரு நம்பர் சொல்லுங்க.”

இதற்குமேல் கூடாது என்று மென்பொருளில் வரம்பு எதுவும் இல்லை. என் அனுபவத்தில் ஒரே ஃபோல்டரில் பத்தாயிரம் தாண்டினால் பிரிக்கச் சொல்லிவிடுவேன். முப்பதாயிரம் தாண்டியவர்கள் தவறாமல் போன் செய்கிறார்கள். நல்ல சர்வரில் ஐம்பதாயிரமும் சுகமாகத் திறக்கலாம், ஆனால் எந்த நாளில் சர்வர் நெருக்கடியில் மாட்டுமோ அன்று முதலில் விழுவது அந்தப் பெட்டிதான்.

6. “முதல் தடவை திறக்க ரெண்டு நிமிஷம் ஆச்சு. மூடிட்டு மறுபடி திறந்தா உடனே வந்துடுச்சு. இது என்ன கணக்கு?”

டவ்காட் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் இன்டெக்ஸ் என்று ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. எந்த மெயில், என்ன நிலை, யார் அனுப்பியது, என்ன தேதி என்பதெல்லாம் அதில் சேர்ந்துகொண்டே போகும். அது புதுப்பித்த நிலையில் இருந்தால் மெயில் ஃபைல்களைத் திறக்க வேண்டியதே இல்லை. முதல் தடவை நீங்கள் காத்திருந்தது அந்தக் குறிப்பேடு எழுதப்பட்ட நேரம். தவிர, ஒருமுறை வாசித்தது சர்வரின் நினைவகத்தில் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். அதனால் இரண்டாவது தடவை வட்டுவரை போகவே தேவையில்லை.

சில மணி நேரம் கழித்துத் திறந்தால் மறுபடி மெதுவாக இருப்பதும் இதனால்தான். உங்கள் பெட்டியின் தகவலைத் தள்ளிவிட்டு வேறு யாருடையதோ நினைவகத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். திங்கட்கிழமை காலையில் புகார் அதிகம் வருவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

7. “அனுப்பினவர் பேர் வாரியா அடுக்கலாம்னு மேலே கிளிக் பண்ணேன். அப்படியே நின்னுபோச்சு.”

வந்த வரிசையில் காட்டுவது டவ்காட்டுக்கு மிக எளிது. பெயர்வாரி அல்லது தலைப்புவாரி என்றால் எல்லா மெயிலிலிருந்தும் அந்த ஒரு வரியை எடுத்தாக வேண்டும். குறிப்பேட்டில் அது ஏற்கெனவே இல்லையென்றால் ஃபைல் ஃபைலாகத் திறக்க வேண்டும். உரையாடல்களைக் கோர்த்துக் காட்டும் த்ரெட் பார்வையும் இதே வகைதான்.

ரவுண்ட்கியூபில் பட்டியலுக்கு மேலே உள்ள ஆப்ஷன்ஸைத் திறந்து, வரிசைப்படுத்தும் பத்தியை ‘நன்’ அல்லது ‘அரைவல் டேட்’ என்று வையுங்கள். த்ரெட்டை அணைத்துவிடுங்கள். இது ஒரு நிமிட வேலை, பலருக்கு இதிலேயே பாதி சரியாகிவிடுகிறது. செட்டிங்ஸில் ‘எல்லா ஃபோல்டர்களிலும் புது மெயில் பார்’ என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். அது டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் சில நிமிடத்துக்கு ஒருமுறை அத்தனை ஃபோல்டரையும் தட்டிக்கொண்டே இருக்கும்.

8. “தேடுனா வரவே மாட்டேங்குது. சில நேரம் எரர் காட்டிட்டு நின்னுடுது.”

எதில் தேடுகிறீர்கள் என்று பாருங்கள். தேடல் பெட்டியின் பக்கத்திலுள்ள சிறு அம்பை அழுத்தினால் தலைப்பு, அனுப்புநர், மெயிலின் உள்ளடக்கம் என்று தேர்வுகள் வரும். தலைப்பும் அனுப்புநரும் குறிப்பேட்டிலிருந்தே கிடைத்துவிடும். உள்ளடக்கம் டிக் ஆகியிருந்தால் அத்தனை மெயிலையும் முழுக்கத் திறந்து படிக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். சர்வரில் பழைய சுழலும் வட்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் வட்டு, அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஃபைல்களை ஒரு நொடிக்கு ஏறக்குறைய 80 முறைதான் தாவிப் படிக்கும். அறுபதாயிரம் ஃபைல் என்றால் 750 நொடி, அதாவது பன்னிரண்டரை நிமிடம். அதுவும் அந்த வட்டு உங்களுக்காக மட்டுமே ஓடினால். அவ்வளவு நேரம் வெப்மெயில் காத்திருக்காது, நடுவிலேயே கைவிட்டுவிடும். சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி வட்டு உள்ள சர்வரில் இது பல மடங்கு குறையும். ஜிமெயில் போலச் சொற்களை முன்கூட்டியே அட்டவணைப்படுத்தும் வசதி டவ்காட்டுக்கும் உண்டு. நினைவகம் அதிகம் கேட்பதால் ஷேர்ட் ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் அதை இயக்குவதில்லை. உள்ளடக்கத்தில் அடிக்கடி தேட வேண்டியவர்கள் கணினியில் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளைப் போட்டுக்கொள்வது நல்லது. அது உங்கள் கணினியிலேயே அட்டவணை போட்டுக்கொள்ளும்.

9. “நேத்து உட்கார்ந்து ஆயிரக்கணக்கில டெலிட் பண்ணேன். அளவு அப்படியேதான் இருக்கு.”

டெலிட் செய்தவை ட்ராஷ் ஃபோல்டருக்குப் போயிருக்கும். அதே வட்டில், அதே கணக்கில், வேறு இடத்தில் இருக்கின்றன. ட்ராஷின் மேல் நின்று ‘எம்ப்டி’ கொடுத்தால்தான் இடம் திரும்பும். ஜங்க் ஃபோல்டரையும் ஒரு பார்வை பாருங்கள். யாருமே எட்டிப் பார்க்காமல் அங்கே நாற்பதாயிரம் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. ஐமேப்பில் அழிப்பது இரண்டு படி. முதலில் ‘அழிக்க வேண்டியது’ என்று குறி மட்டும் விழும். எக்ஸ்பஞ்ச் என்ற இரண்டாவது படியில்தான் ஃபைல் உண்மையில் போகும். சில செயலிகள் முதல் படியோடு நின்றுவிடும். ரவுண்ட்கியூபில் அந்த ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து ‘காம்பேக்ட்’ கொடுத்தால் இரண்டாவது படி முடிந்துவிடும்.

10. “இருபதாயிரம் மெயிலையும் ஒரே அடியா செலக்ட் பண்ணி டெலிட் குடுத்துடலாமா?”

வேண்டாம். 3ஆம் பதிலில் சொன்னதுபோல வெப்மெயில் ஒரு முகப்புதான். இவ்வளவு பெரிய வேலையைக் கொடுத்தால் அதன் நேர வரம்பு முடிந்து பாதியில் அறுந்துவிடும். எது நகர்ந்தது, எது நகரவில்லை என்று தெரியாமல் நீங்கள் மறுபடி அழுத்துவீர்கள். ஐந்நூறு, ஆயிரமாகச் செய்யுங்கள். ஆபீஸ் நேரம் முடிந்தபிறகு செய்தால் இன்னும் நல்லது.

மொத்தமாக அழிக்கத்தான் வேண்டும் என்றால் சீபேனலில் ‘ஈமெயில் டிஸ்க் யூசேஜ்’ என்ற கருவி இருக்கிறது. ஒரு வருடத்துக்கு முந்தியவை, ஏற்கெனவே பார்த்தவை என்று தேர்ந்தெடுத்து நேராக அழிக்கலாம். ஒரு எச்சரிக்கை: இங்கே அழித்தால் ட்ராஷுக்குப் போகாது, திரும்பக் கிடைக்காது. அடுத்த பதிலைப் படிக்காமல் அதைத் தொடாதீர்கள்.

11. “பழசை அழிக்கப் பயமா இருக்குங்க. நாளைக்கு ஆடிட்டர் கேட்டா என்ன பண்றது?”

பயம் நியாயமானது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி கணக்குகளையும் அதற்கான ஆவணங்களையும் அந்த வருடத்துக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2023-24 நிதியாண்டுக்குக் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. அப்படியானால் 2030 டிசம்பர் வரை. வழக்கோ மேல்முறையீடோ நிலுவையில் இருந்தால் இன்னும் நீளும். எல்லா மெயிலும் ஆவணம் ஆகாது, ஆனால் பர்ச்சேஸ் ஆர்டரும் இன்வாய்ஸும் மெயிலில்தான் வருகின்றன. எதை எத்தனை நாள் வைப்பது என்று உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வைத்திருக்க வேண்டும் என்பதற்காக அது வெப்மெயில் சர்வரில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நான் செய்யும் முறை இது. கணினியில் தண்டர்பேர்ட் நிறுவி ஐமேப் முறையில் கணக்கைச் சேர்க்கிறேன். எல்லா மெயிலும் முழுதாக இறங்கும்வரை, ஒரு இரவு ஆனாலும், விட்டுவிடுகிறேன். பிறகு ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்பதன் கீழ் வருடவாரியாக ஃபோல்டர் போட்டு, அந்தந்த வருட மெயிலை அதற்குள் காப்பி செய்கிறேன். நகர்த்துவதில்லை, காப்பி மட்டும். இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒன்றா என்று பார்க்கிறேன். நெட் கேபிளைக் கழற்றிவிட்டு, முதலில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று எனத் திறந்து அட்டாச்மென்ட் வருகிறதா என்று பார்க்கிறேன். அந்தத் தண்டர்பேர்ட் ஃபோல்டரை இரண்டு வெளி டிஸ்க்குகளில் எடுத்து, ஒன்றை ஆபீஸிலும் ஒன்றை முதலாளி வீட்டிலும் வைக்கச் சொல்கிறேன். இவ்வளவும் முடிந்த பிறகுதான் சர்வரில் கை வைப்பேன்.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்வேன். ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் மெயில்களை ஒரே கம்ப்யூட்டருக்கு ‘நகர்த்தி’ வைத்திருந்தார்கள். அந்த ஹார்ட் டிஸ்க் போனபோது நான்கு வருட பையர் கடிதங்களும் போயின. அந்த மெர்ச்சண்டைசர் என் எதிரில் உட்கார்ந்து, “சாம்பிள் அப்ரூவல் எல்லாம் அதுலதான் சார் இருந்துச்சு” என்று திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. என்னால் எதையும் மீட்டுக் கொடுக்க முடியவில்லை.

12. “எதையும் அழிக்காம, வருஷவாரியா ஃபோல்டர்ல போட்டா மட்டும் போதுமா? இடம் குறையாதே?”

இடம் குறையாது, வேகம் கூடும். 4ஆம் பதிலை நினைத்துப் பாருங்கள்: கணக்கெடுப்பு ஃபோல்டர் ஃபோல்டராகத்தான் நடக்கிறது. ‘2021’ என்று ஒரு ஃபோல்டர் போட்டால் வட்டில் அதற்கென்று தனி டைரக்டரியும் தனி இன்டெக்ஸும் வந்துவிடும். நீங்கள் இன்பாக்ஸைத் திறக்கும்போது டவ்காட் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எழுபதாயிரம் இருந்த இன்பாக்ஸில் இந்த வருடத்து எட்டாயிரம் மட்டும் மிஞ்சினால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

சென்ட் ஃபோல்டரை மறந்துவிடாதீர்கள். நீங்கள் அனுப்பிய அட்டாச்மென்ட் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. மெயிலில் போகும்போது அட்டாச்மென்ட் எழுத்துகளாக மாற்றப்படுவதால் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 6 எம்பி பிடிஎஃப் 8 எம்பிக்கு மேல் இடம் பிடிக்கும். அப்புறம், நகர்த்துவதையும் 10இல் சொன்னதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்ய வேண்டும். நான் ஏப்ரல் முதல் வாரத்தில், நிதியாண்டு முடிந்த கையோடு செய்யச் சொல்கிறேன். ஆடிட்டருக்கும் அது வசதி.

13. “பாப் போட்டு இறக்கிட்டா சர்வர் காலியா இருக்கும்னு ஒருத்தர் சொன்னாரே?”

இருக்கும். ஆனால் 11இல் சொன்ன அந்த ஆபீஸில் செய்திருந்தது அதைத்தான். பாப் முறை மெயிலை இறக்கி எடுத்துக்கொண்டு சர்வரில் அழித்துவிடும் எண்ணத்தில் உருவானது. 1986இல் மார்க் கிரிஸ்பின் வடிவமைத்த ஐமேப், மெயில் சர்வரிலேயே இருக்கட்டும், எங்கிருந்து வேண்டுமானாலும் பார்ப்போம் என்ற எண்ணத்தில் வந்தது. போன், லேப்டாப், வெப்மெயில் என்று மூன்று இடத்தில் பார்ப்பவருக்கு பாப் சரிப்படாது. ஒன்று இறக்கிக்கொண்டால் மற்ற இரண்டிலும் காணாமல் போய்விடும்.

‘சர்வரில் பிரதி வைத்திரு’ என்று டிக் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். போட்டால் சர்வர் காலியாகாது. தவிர, ஒவ்வொரு முறையும் எது புதிது என்று தெரிய மொத்தப் பட்டியலையும் கேட்டு வாங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுபதாயிரம் வரிப் பட்டியல் என்றால் நீங்களே யோசியுங்கள்.

14. “அன்லிமிடெட்னு சொல்லித்தானே வித்தாங்க? இப்போ ஃபைல் எண்ணிக்கை அதிகம்னு மெயில் வருது.”

அந்த ‘அன்லிமிடெட்’ என்பது வட்டில் பிடிக்கும் இடத்துக்கு மட்டும்தான். ஃபைல்களின் எண்ணிக்கைக்குத் தனி வரம்பு உண்டு, அதை ஐநோட் என்பார்கள். ஒரு மெயில் ஒரு ஃபைல் என்பதால் ஒரு மெயில் ஒரு ஐநோட். வரம்பு எவ்வளவு என்பது பிளானுக்குப் பிளான் மாறும். சீபேனலின் வலது பக்கப் புள்ளிவிவரத்தில் ‘ஃபைல் யூசேஜ்’ என்ற வரியில் தெரியலாம்.

வாங்கும் முன் இதைக் கேளுங்கள்: எத்தனை ஐநோட், அதைத் தாண்டினால் என் கணக்கை பேக்கப்பில் சேர்ப்பீர்களா? ஒரு அளவைத் தாண்டிய கணக்குகளை பேக்கப்பிலிருந்து விட்டுவிடும் நிறுவனங்கள் உண்டு. விதிமுறைகளில் அது எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை.

15. “யாருமே எழுதாத மெயில் பல்லாயிரம் கிடக்கு. எங்கிருந்து வருது?”

முதல் சந்தேகம் கிரான் வேலைகள் மேல், அதாவது குறித்த நேரத்தில் சர்வரில் தானாக ஓடும் வேலைகள் மேல். வெப்சைட்டில் ஏதோ ஒன்றை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி யாராவது வைத்திருப்பார்கள். ஒவ்வொரு ஓட்டமும் ஏதாவது ஒரு வரி வெளியிட்டாலே அது ஒரு மெயிலாக வந்து விழும். ஒரு நாளைக்கு 1,440. வருடத்துக்கு ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரத்துக்கும் மேல். வெப்சைட் செய்தவரிடம் வெளியீட்டை மெயிலாக அனுப்பாமல் நிறுத்தச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ‘டிஃபால்ட் அட்ரஸ்’. உங்கள் டொமைனில் இல்லாத பெயருக்கு வரும் மெயிலையும் ஒரு பெட்டியில் வாங்கிக்கொள்ளும் அமைப்பு இது. ஸ்பாம் அனுப்புகிறவர்கள் வாய்க்கு வந்த பெயரையெல்லாம் போட்டுப் பார்ப்பார்கள், எல்லாமே உள்ளே வந்துவிடும். சீபேனலில் அதைத் திறந்து, தெரியாத பெயர் என்றால் திருப்பியனுப்பு என்று மாற்றிவிடுங்கள். மூன்றாவது, வெப்சைட்டில் காப்பு இல்லாத கான்டாக்ட் ஃபார்ம். இந்த மூன்றையும் அடைக்காமல் பெட்டியைச் சுத்தம் செய்தால் மூன்று மாதத்தில் பழைய நிலைக்கே வந்துவிடும்.

16. “ஆபீஸ்ல அஞ்சு பேர் ஒரே இன்ஃபோ ஐடியைத் திறக்கிறோம். திடீர்னு யாருக்காவது லாகின் ஆக மாட்டேங்குது.”

டவ்காட்டில் ஒரு வரம்பு உண்டு: ஒரே மெயில் ஐடி, ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) ஒரே நேரத்தில் இத்தனை இணைப்புகள்தான் என்று. மென்பொருள் வரும்போதே இருக்கும் அளவு 10. தண்டர்பேர்ட் ஒரு கணக்குக்கு 5 இணைப்புகள்வரை பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் ஆபீஸ் முழுக்க ஒரே ரவுட்டர், வெளியே தெரிவது ஒரே ஐபி. இரண்டு தண்டர்பேர்டிலேயே பத்து தீர்ந்துவிட்டது, மூன்றாமவர் வெளியே நிற்கிறார். தண்டர்பேர்டின் சர்வர் அமைப்பில் அந்த 5ஐ 2 ஆக்குங்கள். ஹோஸ்டிங் நிறுவனத்திடம் அவர்கள் வைத்திருக்கும் வரம்பு என்ன என்றும் கேளுங்கள்.

ஐந்து பேருக்கும் சேர்ந்தாற்போல் நின்றுபோனால் வேறு காரணம். யாரோ ஒருவர் போனில் பழைய பாஸ்வேர்ட் இருக்கும். அது தப்பாகத் தட்டித் தட்டி, சர்வரின் ஃபயர்வால் உங்கள் ஐபியையே பூட்டியிருக்கும். இதைப் பெட்டி மெதுவாக இருப்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

17. “யூடியூப்ல பார்த்து டவ்காட் பேர்ல இருந்த ஃபைல் எல்லாத்தையும் அழிச்சேன். இப்போ போன்ல எல்லா மெயிலும் மறுபடி இறங்குது.”

இன்டெக்ஸ் ஃபைல்கள் போனால் டவ்காட் திரும்ப எழுதிக்கொள்ளும். 6இல் சொன்ன அந்த முதல் தடவைத் தாமதம்தான் மறுபடி வரும். ஆனால் அதே இடத்தில் ‘யூஐடி லிஸ்ட்’ என்று ஒரு ஃபைல் இருக்கிறது. ஒவ்வொரு மெயிலுக்கும் கொடுத்த நிரந்தர எண் அதில்தான் உள்ளது. அதையும் சேர்த்து அழித்துவிட்டீர்கள். எண்கள் புதிதாகக் கொடுக்கப்பட்டதும் போனும் லேப்டாப்பும் தங்களிடம் இருந்ததைச் செல்லாது என்று தள்ளிவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து இறக்குகின்றன.

மெயில் எதுவும் தொலையவில்லை, பதற வேண்டாம். ஒரு நாள் விட்டுவிடுங்கள், இறங்கி முடியட்டும். இனி அந்த டைரக்டரியில் நீங்களாக எதையும் அழிக்காதீர்கள். இன்டெக்ஸ் கெட்டிருக்கும் என்று தோன்றினால் அதைச் சரிசெய்ய சர்வர் நிர்வாகியிடம் முறையான கட்டளை இருக்கிறது.

18. “ஹோஸ்டிங்காரர் விபிஎஸ்ஸுக்கு மாறச் சொல்றார். மாறணுமா?”

விபிஎஸ் என்பது உங்களுக்கென்று தனியாக ஒதுக்கித் தரும் சர்வர் பகுதி. முதலில் 12இல் சொன்னதையும் 15இல் சொன்னதையும் செய்துவிட்டு ஒரு மாதம் பாருங்கள். மாறாமலே சரியாகிவிட்ட ஆபீஸ்கள்தான் அதிகம். எழுபதாயிரம் மெயிலுள்ள இன்பாக்ஸை அப்படியே தூக்கி விபிஎஸ்ஸில் வைத்தால் கொஞ்ச நாள் நன்றாக இருக்கும். ஆனால் அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். ஸ்பாம் தடுப்பு, அப்டேட், பேக்கப் எல்லாம் உங்கள் தலையில் விழும்.

மெயிலை நம்பியே தொழில் நடக்கிறது, பத்துப் பதினைந்து பேரும் நாள் முழுக்கத் தேடுகிறார்கள் என்றால், வெப்சைட்டை இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு மெயிலை மட்டும் மெயிலுக்கென்றே இருக்கும் சேவைக்கு மாற்றுவதை நான் சிபாரிசு செய்வேன். ஐமேப்சிங்க் போன்ற கருவியால் பழைய மெயிலை ஃபோல்டர் அமைப்போடு அங்கே கொண்டுபோகலாம். எப்படியும் முதலில் 11இல் சொன்ன பிரதி கையில் இருக்க வேண்டும்.

19. “எல்லாம் செஞ்சுட்டேன், இன்னும் ஸ்லோதான். சப்போர்ட்டுக்கு என்னன்னு எழுதறது?”

“மெயில் ஸ்லோ” என்று மட்டும் எழுதினால் “எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது” என்று பதில் வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் திறந்து பார்த்த நேரத்தில் சரியாகத்தான் இருந்திருக்கும். நேரத்தையும் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுங்கள். மெயில்டிருக்குப் பதில் எம்டிபாக்ஸ் என்ற முறையும் டவ்காட்டில் உண்டு. பல மெயில்களை ஒரே ஃபைலில் சேர்த்து வைப்பதால் ஃபைல் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். அதற்கு மாற்ற முடியுமா என்றும் கேட்கலாம். அதில் அழித்த மெயிலின் இடம் உடனே திரும்பாது, பர்ஜ் என்ற தனி வேலை ஓடியபிறகுதான் திரும்பும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

நான் எழுதிக்கொடுக்கும் கடிதம் இப்படி இருக்கும். தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

“எங்கள் இன்ஃபோ மெயில் ஐடியின் இன்பாக்ஸில் 8,200 மெயில்கள் உள்ளன. இன்று காலை 9.40க்கும் 10.15க்கும் இடையே மூன்று முறை திறந்தோம். பட்டியல் வர 50 நொடிக்கு மேல் ஆனது. இதே டொமைனில் பத்து மெயில் மட்டுமே உள்ள சோதனை ஐடியும் அதே நேரத்தில் 30 நொடி எடுத்தது. மாலை 7 மணிக்கு இரண்டும் 3 நொடியில் திறந்தன. அந்தக் காலை நேரத்தில் சர்வரின் வட்டுப் பயன்பாடு எப்படி இருந்தது என்று பாருங்கள். பேக்கப் அப்போதும் ஓடிக்கொண்டிருந்ததா? எங்கள் பெட்டியின் இன்டெக்ஸை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள். சர்வர் நெருக்கடிதான் காரணம் என்றால் எங்கள் கணக்கை வேறு சர்வருக்கு மாற்றித் தர முடியுமா?”